மூன்றாவது அலமாரி

கத்தரி தானாக வெட்டிக்கொண்டிருந்தது. பத்து மாத்திரை உள்ள பட்டையில் ஆறு வேண்டுமென்றால் ஆறு, நாலு வேண்டுமென்றால் நாலு. காலாவதித் தேதி அச்சடித்த ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைத்து மறுபக்கத்திலிருந்தே வெட்டிவர வேண்டும் என்பதைத் தனுஷ்கோடியின் விரல்கள் முப்பத்தாறு வருஷமாக யாரையும் கேட்காமல் செய்துவருகின்றன. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பெறவு" என்று வாய் சொல்கிறது. கண் அடுத்த சீட்டைப் படிக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் பதினொன்றரை மணிக்கு மூளை ஒன்றுக்குத்தான் வேலை இல்லை. அது கம்பிச் சன்னலைத் தாண்டி, வரிசையில் நிற்கிற இருநூறு பேரின் தலைக்கு மேலே போய், கல்லூரிச் சாலை அச்சகத்தில் பைண்டிங்குக்குக் காத்துக்கிடக்கும் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அட்டவணை 4.7. இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா. ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும். நாளைக்குச் சமர்ப்பிக்கக் கடைசி நாள். காலையிலேயே ஜெஸிந்தா மேடம் போன் பண்ணிவிட்டார். "தனுஷ்கோடி சார், அந்தப் பதினோரு நாளும் வழக்கத்துக்கு மாறான காலம். அதனால விலக்கியிருக்கோம்னு ஒரு வரி எழுதிட்டா விலக்கலாம். அதுல தப்பில்ல, யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல. வச்சாலும் நான் கையெழுத்துப் போடுவேன், எடுத்தாலும் போடுவேன். உங்க இஷ்டம்." உங்க இஷ்டம். ஆய்வு வழிகாட்டி என்று பெயர், நாற்பத்திரண்டு வயசு, தனுஷ்கோடியைவிடப் பதினாறு வயசு இளையவர், கடைசியில் இஷ்டத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஒருவர் எதிரே நின்று எடு என்றோ வை என்றோ அடித்துச் சொல்லியிருந்தால் தனுஷ்கோடிக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதிர்த்துப் பழகிய உடம்பு. எதிர்க்க ஆள் இல்லாத இடத்தில் எப்படி நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினோரு நாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக நிரப்பாமல் கிடந்த இடங்களை நிரப்பு, ஒப்பந்தத்தில் கிடப்பவர்களை நிரந்தரமாக்கு என்று மாவட்டம் முழுக்க மருந்தாளுநர்கள் கத்தரியைக் கீழே வைத்த ஸ்ட்ரைக். வாசலில் பந்தல், பந்தலில் மைக், மைக்கில் தனுஷ்கோடி. என்ன தொண்டை அது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்த தாசில்தார் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "சார் கொஞ்சம் மெதுவா பேசுங்க, அங்க வரை கேக்கு" என்றார். அதற்குத்தானே பேசுவது என்றார் தனுஷ்கோடி. பதினோராம் நாள் அரசு இறங்கிவந்தது. பதினான்கு பேருக்கு ஆணை வந்தது. அந்தப் பதினான்கு பேரில் இன்று எத்தனை பேர் வண்டியில் போகும்போது கை தூக்குகிறார்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும்; போகட்டும். ஸ்ட்ரைக் தப்பில்லை. இதை அவர் இந்த மூன்று மாதத்தில் ஆயிரம் தடவை தனக்குத் தானே சொல்லிவிட்டார். ஸ்ட்ரைக் தப்பில்லை, பட்டியல்தான் தப்பு. ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள் சங்க அறையில் உட்கார்ந்து, உயிர்காக்கும் மருந்துகள் நிறுத்தப்படாது, இதோ பட்டியல் என்று துண்டறிக்கையின் பின்பக்கம் அச்சடிக்க எழுதிக்கொடுத்தவர் அவர்தான். கால் மணி நேரத்தில் எழுதினார். எப்படி எழுதினார் என்பது அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது: கண்ணை மூடிக்கொண்டு மருந்து அறைக்குள் நடந்தார். குளிர்பெட்டி: இன்சுலின், நாய்க்கடி ஊசி, பாம்புக்கடி மருந்து. பூட்டுப்போட்ட அலமாரி: நெஞ்சுவலி மருந்து. கதவோரம் சிவப்புச் சீட்டு ஒட்டிய பெட்டி: மூச்சுத்திணறலுக்குள்ளது. அத்தோடு நடை முடிந்துவிட்டது. வலிப்பு மாத்திரை மூன்றாவது அலமாரியில், சத்து மாத்திரைக்கும் வயிற்றெரிச்சல் மாத்திரைக்கும் நடுவில், மாதாமாதம் வாங்குகிறவர்களுக்காக அடுக்கியிருந்தது. பூட்டு இல்லை, குளிர் இல்லை, சிவப்புச் சீட்டு இல்லை. அதனால் அது உயிர்காக்கும் மருந்து இல்லை. ஒரு டாக்டர் எழுதியிருந்தால் நோயை நினைத்து எழுதியிருப்பார். நோயாளி எழுதியிருந்தால் தன் வீட்டை நினைத்து எழுதியிருப்பார். மருந்தாளுநர் அலமாரியை நினைத்து எழுதினார். அந்தத் தப்பை இந்தத் தொழில்காரன் ஒருவனால்தான் செய்ய முடியும். அந்தத் துண்டறிக்கையை நான்காயிரம் பிரதி அடித்து, இவ்வளவு பொறுப்போடு ஒரு ஸ்ட்ரைக்கை எவன் நடத்தியிருக்கிறான் என்று மார்தட்டவும் செய்தார்கள்.

"அய்யா, இதுல சின்ன மாத்திரை இல்லையே, போன மாசம் குடுத்தீயளே." இல்லம்மா, டாக்டர் நிறுத்திட்டாரு. "ஏன் நிறுத்துனாரு?" பிரஷர் கொறஞ்சிருக்கு, நல்லதுதான். அந்த அம்மா நம்பாமல் போனாள். கத்தரி வெட்டியது. பக்கத்துச் சன்னலில் ஷம்ஷாத், ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிற பெண், தன் வரிசையோடு அவர் வரிசையிலிருந்தும் நாலு பேரை இழுத்துக்கொண்டு முடித்துக்கொண்டிருந்தாள். அவர் புதன்கிழமை மத்தியானங்களில் கல்லூரிக்கு ஓடிய ஐந்து வருஷமும் அவள்தான் இப்படி இழுத்துக்கொண்டாள், ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. எத்தனை பேர் தூக்கிவிட்டு இங்கே வந்து நிற்கிறோம் என்று நினைக்கும்போது தனுஷ்கோடிக்கு நெஞ்சுக்குள் ஒரு இளக்கம் வரும், அதை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. டிப்ளமோவோடு நின்ற ஆள். வார்டில் டாக்டர்கள் "ஏய் காம்பவுண்டர்" என்று கூப்பிட்ட காலம். படிப்பு என்பதெல்லாம் கட்சி அலுவலகத்துச் சுவரொட்டியும் சங்கத் துண்டறிக்கையும்தான். பசை கிண்டும் நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு தானே எழுதி, எழுதியதைத் தானே ஒட்டி. நாற்பது தாண்டிச் சம்பளமில்லா விடுப்புப் போட்டு, மகன் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் வாங்கினார், பிறகு மேற்பட்டம். அப்போதும் அது வீம்புதான், உன் படிப்பும் எனக்கு வரும் பார் என்று காட்டுகிற வீம்பு. ஆறு வருஷத்துக்கு முன் ஜெஸிந்தா மேடம் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதிக் கடிதத்தோடு இந்தச் சன்னலில் வந்து நின்றபோது, "எங்க கவுண்டரைப் பாத்து நீங்க புஸ்தகம் போட்டுட்டுப் போயிருவீங்க, நாங்க இங்கயே கெடப்போம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். மேடம் கோபப்படவில்லை. "அப்ப நீங்களே எழுதுங்களேன் சார். முப்பது வருஷமா மாசாமாசம் யார் வந்தாங்க, யார் வரல, எவ்வளவு வாங்குனாங்கன்னு உங்ககிட்டதான் இருக்கு. இது எங்க ஆய்வகத்துல கிடையாது" என்றார். அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சங்கத்தில் அவரைத் தலைவர் என்றார்கள், அதிகாரிகள் கலகக்காரன் என்றார்கள். அவர் செய்துகொண்டிருந்த வேலைக்குள்ளேயே ஒரு அறிவு இருக்கிறது, அது வேறு எவரிடமும் இல்லை என்று சொன்னது அந்தப் பெண் ஒருத்திதான். காலையில் சன்னல், மாலையில் பதிவேடு. வெளிநோயாளிப் பதிவு ஒருபக்கம், மருந்து வழங்கிய பதிவு ஒருபக்கம், அவசரப் பிரிவுப் பதிவு ஒருபக்கம்; மூன்றையும் ஒரே நோயாளி எண்ணுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்தால், மருந்து தடைபட்டால் மனிதருக்கு என்ன ஆகிறது என்று தாளில் தெரிகிறது. இந்த ஐந்து வருஷம் போல் அவர் சந்தோஷமாக இருந்ததில்லை. சன்னலில் நிற்கும்போது ஆய்வு ஞாபகம், ஆய்வில் உட்காரும்போது சன்னல் ஞாபகம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டே வந்துதான், மூன்று மாதத்துக்கு முன், அந்தப் பதினோரு நாளுக்கு வந்து சேர்ந்தார். வெளிநோயாளிப் பதிவில் வலிப்பு நோயாளிகள் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். மருந்து வழங்கிய பதிவில் ஏழு பேருக்கு மட்டும், அதுவும் ஸ்ட்ரைக் முடிந்த கடைசி நாள் சாயங்காலம். பத்தொன்பது பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். அந்த மாதம் அவசரப் பிரிவில் வலிப்போடு ஏழு பேர். மற்ற மாதங்களில் ஒருவர், அதிகம் போனால் இருவர். வலிப்பு வந்த ஏழு பேரும் அந்தப் பத்தொன்பதுக்குள் இருந்தார்கள்.

பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆதிமூலம் வந்தான். மாவட்டச் செயலாளர், அந்தப் பதினான்கு ஆணைகளில் ஒன்றை வாங்கியவன், கை தூக்குகிற சிலரில் ஒருவன். கையில் டீ. "டாக்டரே, ஆறிரும், குடிங்க."

"டாக்டர்னு கூப்பிடாதல. இன்னும் ஆகல."

"கேட்டுல பிளக்ஸ் வச்சாச்சி அண்ணாச்சி. இனி நீங்க ஆகாம இருக்க முடியாது." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த அட்டவணையப் பத்தி யோசிச்சீயளா?"

"யோசிச்சிக்கிட்டேதான் இருக்கேன்."

"இருபதாம் தேதி ஸ்ட்ரைக்குக்கு நோட்டீஸ் குடுத்திருக்கோம். ஸ்ட்ரைக்குக்குத் தடை கேட்டுப் பத்தொன்பதாம் தேதி கோர்ட்ல ஒருத்தன் உங்க புஸ்தகத்தைத் தூக்கிக் காட்டுவான். சங்கத்த வளத்த மனுசனே எழுதியிருக்காரு, இவங்க ஸ்ட்ரைக் பண்ணுனா ஜனங்க வலிப்பு வந்து விழுறாங்கம்பான். நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?"

"எழுதுனது உண்மைன்னு சொல்லு."

"உண்மைதான், யாரு இல்லன்னா? அத அடுத்த வருசம் சொல்லுங்க. நாப்பது பேரு ஒப்பந்தத்துல கெடக்கு. இந்தா இருக்காள்ல ஷம்ஷாத்து, ஒம்பது வருசம்."

ஷம்ஷாத் திரும்பாமலே, "என்னைய எதுக்கு இழுக்கீங்க? நான் பாட்டுக்கு வரிசையப் பாக்கேன்" என்றாள்.

"உனக்காகத்தாம்மா பேசுதேன்."

"எனக்காகப் பேசுதவங்க அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் இங்கிட்டு நகத்திக் குடுங்க."

ஆதிமூலம் பெட்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டு, போகும்போது தனுஷ்கோடியின் தோளில் கையை வைத்தான். கனமான கை. அதில் மிரட்டல் இல்லை, பாசம்தான், அதுதான் வம்பு. கத்தரி மறுபடி ஓடியது, மூளை மறுபடி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. துரோகி என்பார்கள். வெளியில் சொல்ல மாட்டார்கள், பிளக்ஸைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவார்கள், கூட்டத்தில் நாற்காலியை இரண்டாம் வரிசைக்கு நகர்த்துவார்கள். அவரே எத்தனை பேருக்கு நாற்காலியை நகர்த்தியிருக்கிறார். விலக்கிவிடலாம். வழக்கத்துக்கு மாறான காலம், ஒரே வரி, தப்பில்லை, மேடமே சொல்லிவிட்டார். அதிகாரிகள் அப்படித்தான் எழுதுவார்கள். வெள்ளம் வந்தால் வழக்கத்துக்கு மாறான காலம், கொள்ளைநோய் வந்தால் வழக்கத்துக்கு மாறான காலம், செத்தவனையெல்லாம் அந்த ஒரு வரிக்குள் போட்டு மூடிவிடுவார்கள் என்று அவர் எழுதிய துண்டறிக்கைகளே நாலைந்து இருக்கும். வைக்கலாம். வைத்தால் கோர்ட். கோர்ட் என்றால் ஷம்ஷாத்துக்கு இன்னும் ஒன்பது வருஷம். ஏழு பேர் ஒருபக்கம், நாற்பது பேர் ஒருபக்கம், சே, இது என்ன தராசு, மனுஷனை இப்படியா நிறுப்பார்கள். அந்த ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள் அல்லவா. பிழைத்துக்கொண்டார்கள். அட்டவணையில் ஏழாவது வரி மட்டும் கொஞ்சம் நீளம்: பெண், பதினான்கு வயது, வலிப்பின்போது அடுப்பில் விழுந்து வலது கையில் தீக்காயம். பெயர் கிடையாது, எண் மட்டும். ஆனால் அவருக்குப் பெயர் தெரியும். அந்தப் பெண்ணின் தாய் முப்பிடாதி இன்றைக்கும் மாதாமாதம் செவ்வாய்க்கிழமை வந்து இதே சன்னலில் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறாள். அந்தத் தீக்காயத்துக்குக் களிம்பு எடுத்துக்கொடுத்ததே தனுஷ்கோடிதான். ஸ்ட்ரைக்கில் ஜெயித்து மூன்றாம் நாள், கழுத்தில் மாலை போட்ட அரிப்பு இன்னும் போகாத நேரம். "எப்படிம்மா ஆச்சி?" என்று கேட்டார். "அடுப்புல விழுந்துட்டாய்யா" என்றாள். பாத்து வச்சிக்கிடக் கூடாதா என்று கடிந்துகொண்டு அடுத்த சீட்டை வாங்கினார். அத்தனை வருஷமாக அவள் சீட்டை நீட்டும்போது ஒரு கும்பிடு போடுவாள், வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போடுவாள். வரிசையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. சோர்ந்துபோன நாட்களில் அந்தக் கும்பிடு அவருக்குத் தெம்பாக இருந்திருக்கிறது. நம்மையும் ஒரு சனம் நன்றியோடு நினைக்கிறது என்று. உண்மை தெரிந்த இந்த மூன்று மாதமாக அந்தக் கும்பிட்டைப் பார்க்க முடியாமல் சீட்டையே பார்த்துக்கொண்டு மாத்திரை கொடுத்தார்.

இன்று செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டரை மணிக்கு, வரிசையின் வால் உள்ளே வந்துவிட்ட நேரத்தில், கம்பிக்கு வெளியே அந்தக் கும்பிடு வந்து நின்றது. நரைத்த தலை, நெற்றியில் வியர்வை, கசங்கி மடிந்த சீட்டு. தினம் இரண்டு வீதம் முப்பது நாளைக்கு, வலிப்பு மாத்திரை பெனிட்டாயின் அறுபது. தனுஷ்கோடி மூன்றாவது அலமாரிக்குப் போனார், முழுப் பட்டைகளும் ஏற்கெனவே வெட்டிய பட்டை ஒன்றுமாக எடுத்தார், உறையில் போட்டார், சன்னலுக்கு வந்தார். கொடுக்கவில்லை. கொடுத்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"மக எப்படி இருக்கா?"

"இருக்காய்யா. தையலுக்குப் போறா. இடது கையாலதான் வெட்டுவா, பழகிட்டு."

"முப்பிடாதி, அந்தக் கை வெந்துச்சில்ல, அது எங்க ஸ்ட்ரைக் நேரத்துல. நீங்க மாத்திரைக்கு வந்துட்டு இல்லாமப் போயிருக்கீங்க. அதனாலதான் அவளுக்கு வந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல. நான் இப்பதான் பழைய நோட்ட வச்சுக் கண்டுபிடிச்சேன்." இதைச் சொல்ல மூன்று மாதம் ஆனது, சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

முப்பிடாதி அவரைப் பார்த்தாள். "தெரியாம இருக்குமாய்யா? நான்தான வந்துட்டுப் போனேன்."

"தெரியுமா?"

"வாசல்ல நீங்கதான் மைக்குல பேசிட்டிருந்தீய. உசிர் காக்குற மருந்து அத்தனையும் குடுக்கோம், ஒண்ணையும் நிறுத்தலன்னு. உள்ள வந்து கேட்டா, இந்த மாத்திர அதுல வராதுன்னுட்டாவ. சரி, அப்ப இது உசுரோட சம்பந்தப்பட்டது இல்ல போல, நாலு நா கழிச்சுப் போட்டா ஒண்ணும் ஆகாது போலன்னு நெனச்சேன். வெளிய கடையில கேட்டிருந்தா கெடச்சிருக்கும். கேக்கல. நீங்க அவ்வளவு தெளிவாச் சொன்னீய."

இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கேட்ட குரலை நம்பி ஒருத்தி கடைக்குப் போகாமல் இருந்தாள் என்பது எந்த எண்ணுக்குக் கீழேயும் இல்லை. "பன்னெண்டு வருசமா ஒரு நாள்கூட ஏன் எங்கிட்டக் கேக்கல? சண்டை போட்டிருக்கலாம்ல?"

பின்னால் நின்ற ஆள் பொறுமையிழந்து இருமினான். "கேட்டு, நீங்க கோவத்துல மாத்திர இல்லன்னு சொல்லிட்டீயன்னா? எனக்கு மாசாமாசம் வேணும்லா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. கொள்ளை வெயில், பஸ் கூட்டம் என்று சொல்வதைப்போல் சொன்னாள். அந்தக் கும்பிடு அதுதான். பன்னிரண்டு வருஷமாக அவர் நன்றி என்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தது அதுதான். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வாய் வந்தது, கூடவே, இந்தச் சன்னலில் நின்று தான் கத்திய கத்தல்களும் வரிசையைப் பார்த்து எறிந்த சீட்டுகளும் ஞாபகம் வந்தன, வாய் மூடிக்கொண்டது. தொண்டை என்ன தொண்டை. ஆனாலும் அவமானத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது, அதைத் தொட்டுப் பார்த்தபோது அது நன்றியாக இருந்தது. இவள் சொல்லாமலே போயிருக்கலாம். சொன்னாள். ஆயிரம் கூட்டத்தில் கடைசியாகச் சொல்லி முடிக்கிற அந்தச் சொல்லை இப்போது சொல்லத் தெரியாமல், "கொஞ்சம் இருங்க, போயிராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே நின்று பேசினார். "மேடம், அட்டவணை இருக்கட்டும். அதுக்குக் கீழ ஒரு குறிப்பு சேக்கணும். அவசர மருந்துப் பட்டியலை எழுதினவர் இந்த ஆய்வாளர், அதுல வலிப்பு மருந்து விட்டுப்போனது அவரோட தவறு. அவ்வளவுதான், அப்படியே." "தேர்வாளர்கள் இதைத்தான் முதல்ல கேப்பாங்க சார்" என்றார் ஜெஸிந்தா மேடம். "கேக்கத்தான வாராங்க, கேக்கட்டும்." "சரி. அச்சகத்துக்கு நானே சொல்லிடுறேன்." குரலில் என்னவோ இருந்தது, மதிப்பெண் போட்டதுபோல் இல்லை, கூட வந்து நின்றதுபோல் இருந்தது.

முப்பிடாதிக்கு அதில் பாதி புரிந்திருக்காது. அவள் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபதாந் தேதி மறுபடி மூடுதீயளா?"

"ஸ்ட்ரைக் நடக்கும். ஆனா இந்த மாத்திரைக்கு ஒரு சன்னல் தொறந்திருக்கும். ஆதிமூலத்துக்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"நான் நிக்கேன் சார் அந்தச் சன்னல்ல" என்றாள் ஷம்ஷாத், தன் கத்தரியை நிறுத்தாமல். "எனக்காகத்தான் ஸ்ட்ரைக்குன்னாங்க. நானே உள்ள நிக்கேன், என்ன இப்ப."

தனுஷ்கோடி உறையைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். முப்பிடாதி வாங்கினாள். அவர் கும்பிட்டுக்காகப் பயந்துகொண்டு நின்றார். அவள் கும்பிடவில்லை. சன்னலை விட்டு நகரவும் இல்லை. உறையைப் பிரித்து, பட்டைகளைச் சன்னல் திண்டில் அவர் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பரப்பி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். வரிசையில் யாரோ, "ஏம்மா, அவங்க எண்ணித்தான குடுப்பாங்க" என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிப் பட்டையை இரண்டு தடவை எண்ணினாள்.

"ரெண்டு கொறையுதே" என்றாள்.

அவர் குனிந்து எண்ணினார். ஐம்பத்தெட்டுதான். "ஆமா, கொறையுது" என்று சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி மூன்றாவது அலமாரிக்குப் போனார். முப்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ குறைந்துபோய் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்ற நினைப்பு பின்னாலேயே வந்தது. புதுப் பட்டை ஒன்றை எடுத்து, இரண்டு வெட்டி, சன்னலில் வைத்து, அவள் எண்ணி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.